வெனிட்டி கபோர்ட்: நான்கரை வருடம், இரண்டு பெட்டி, ஒரே பேசின்

எங்கள் வீட்டு பாத்ரூமில் இப்போது இருப்பது இரண்டாவது வெனிட்டி, அதாவது வொஷ் பேசினுக்குக் கீழே கதவு வைத்து அடிக்கும் பெட்டி. முதலாவது 2021 ஏப்ரலில் வந்து, 28 மாதத்தில் அடிப்பலகை ஊதி, கதவு மூடாமல் போய், கடைசியில் கோழிக்கூட்டுக்குக்கூட உதவாமல் விறகானது. இரண்டாவது 2023 செப்டெம்பரிலிருந்து சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 156,500 ரூபா போயிருக்கிறது. இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன், டிக்கோயா பக்கம் வீடு திருத்துகிற யாராவது வாரம் ஒருவர், "சேர், வெனிட்டி போட்டீங்களே, போடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்று முழுக் கதையும் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வீடு கட்டியது 2014இல். அப்போது போட்டது காலோடு கூடிய சாதாரண வெள்ளை வொஷ் பேசின். ஏழு வருடம் அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு குறை இருந்தது. ஒன்று, சாமான் வைக்க இடமில்லை. சவர்க்காரப் பெட்டியும் பிரஷ்ஷும் ஜன்னல் விளிம்பில்தான். இன்னொன்று, கழிவுக் குழாயிலிருந்து வரும் நாற்றம். மழை விட்ட மறுநாள் அது தாங்காது. ஆனால் மாற்றியதற்கு உண்மையான காரணம் இரண்டுமில்லை. வத்தளையில் மச்சினி வீட்டுக்குப் போய்வந்தோம். அங்கே வெள்ளை நிறத்தில், கண்ணாடியோடு, பளபளவென்று ஒரு வெனிட்டி. திரும்பி வரும் ரயிலில் நாவலப்பிட்டி தாண்டுவதற்குள் முடிவாகிவிட்டது.

கொழும்பில் ஒரு கடையில் எடுத்தோம். எம்.டி.எப். பலகையில் இரண்டரை அடி அகலப் பெட்டி, மேலே பேசின், கண்ணாடி, எல்லாம் சேர்த்து 42,500. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்த பிறகான காலம். கடையில் பத்து மாதிரி இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தது. பேலியகொடைக்கு மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறி ஒன்றில் ஏற்றிவந்தோம், அதற்கு 4,500. சூடு, குளிர் இரண்டும் வரும் மிக்ஸர் டெப் 6,800. மேசன் பாஸுக்கு இரண்டு நாள் கூலி 7,000. பழைய பேசினின் கால் இருந்த இடத்தில் டைல்ஸ் ஒட்ட 3,500. மொத்தம் 64,300 ரூபா.

அம்மா கணக்கைக் கேட்டார். சொன்னேன். தோட்டத் தொழிலாளருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் வேறு எந்த அளவுகோலால் அளப்பார்? தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு "பேர்". "அறுபத்து நாலு பேர் போடணும் ஐயா, இந்தப் பெட்டிக்கு. அதுவும் அரைப்பேர் விழாம" என்றார். அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. "லயத்துல இருக்கப்ப பீலிக்கரையில பல்லு வெளக்குனோம். பல்லு விழுந்தா போச்சு?" (லயம் தோட்டத்து வரிசை வீடு; பீலி ஊற்றுத் தண்ணீர் கொட்டும் குழாய்.)

முதல் வருடம், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் மூன்று பேர் பாடசாலைக்குக் கிளம்பும் வீடு இது. சீப்பு எங்கே, கிரீம் எங்கே என்ற கத்தல் குறைந்தது. வருகிறவர்கள் பாத்ரூம் போய்விட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. இந்த மகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

2022 ஜூனில்தான் முதல் அடையாளம் தெரிந்தது. பெட்டியின் அடிப்பலகை, பைப்புக்காகத் துளை போட்ட இடத்தைச் சுற்றி, தேத்தண்ணியில் தோய்த்த கிரீம் கிரக்கர் மாதிரி மெல்ல உப்பியிருந்தது. இந்த எம்.டி.எப். என்பது மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. மேலே ஒட்டிய மெல்லிய தாள் இருக்கும்வரை தண்ணீர் பட்டாலும் வழிந்துவிடும். ஆனால் வெட்டிய விளிம்பு, துளை, ஆணி ஏறிய இடம் எல்லாம் திறந்த வாய். அங்கே ஒருமுறை ஈரம் ஏறினால் நார் உப்பும்; வெயிலில் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கடையில் காட்டும்போது மேற்பரப்பில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். துளைக்குள் ஊற்றிக் காட்டச் சொல்லும் புத்தி எனக்கு வரவில்லை.

எங்கோ லீக் என்று நினைத்தோம். அது பெற்றோல் கியூ காலம். பாஸ் நோர்வூட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. வந்து வொஷர் மாற்றினார். திரும்பவும் ஈரம். டேப் சுற்றினார். திரும்பவும் ஈரம். மூன்றாம் முறை வந்தவர் ஒரு நல்ல வேலை செய்தார். ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த டிஷ்யூ ஒரு துண்டு சுற்றிவிட்டு, காலையில் பார்க்கச் சொன்னார். பார்த்தால் மூட்டெல்லாம் காய்ந்தே இருக்கிறது. பேசினின் அடிவயிறும், பித்தளை வால்வும், பின்னல் ஹோஸின் நடுப்பகுதியும்தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"சேர், லீக் இல்ல. வேர்க்குது" என்றார்.

அதுதான் விஷயம். இங்கே யாரும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதில்லை. வெந்நீர் ஆவி அறை முழுக்க நிற்கும். ஊற்றிலிருந்து வரும் தண்ணீரோ பல்லைக் கூச வைக்கும் குளிர். ஆவி நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பித்தளையிலும் பீங்கானிலும் பட்டால் நீராக வழியும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வேர்ப்பது போல. பேசின் வெளியே நின்ற காலத்திலும் இது நடந்திருக்கும். தரையில் சொட்டி, காற்றில் காய்ந்து போயிருக்கும், கவனித்திருக்க மாட்டோம். அதைச் சுற்றி ஒரு பெட்டி அடித்துக் கதவும் போட்டு மூடிவிட்டால்? சொட்டு விழுவது பலகையில். காய வழியில்லை. மே தொடங்கி செப்டெம்பர்வரை தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் துணியே காயாது. கீழே வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. நாங்கள் அதற்கு மேல் மடிப்பில் இருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. பண்டாரவளையில் இருக்கும் தங்கை வீட்டிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி எம்.டி.எப். பெட்டிதான், எங்களுக்கு ஒரு வருடம் முந்தியே வாங்கியது. இன்றுவரை கதவு ஒழுங்காக மூடுகிறது. முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன்: எங்களுக்கு மழை அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை இருக்கும் ஊவா பக்கம் மலைக்கு மறுபுறம், அங்கே அப்போது வீசுவது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் வாசனையைக் கூட்டுகிற அதே காற்று தங்கையின் வெனிட்டியையும் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே "மலைநாட்டுக்கு எம்.டி.எப். ஆகாது" என்று மொத்தமாகச் சொல்லமாட்டேன். ஹட்டன், கினிகத்தேனை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஆகாது என்று தைரியமாகச் சொல்வேன்.

பெட்டியை ஒரேயடியாக முடித்தது வேர்வையல்ல, ஹோஸ். 2023 ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் கண்டிக்குப் போயிருந்தோம். வந்து கதவைத் திறந்தால் இஸ்தோப்புவரை, அதாவது முன்விறாந்தைவரை தண்ணீர். பேசினுக்கு ஏறும் பின்னல் ஹோஸ் வெடித்திருந்தது. எங்களுக்குத் தண்ணீர் மேலே தோட்டத்து ஊற்றுத் தொட்டியிலிருந்து நேராக எஸ்லோன் பைப்பில் வருகிறது. தொட்டி வீட்டைவிட ஐம்பது மீற்றராவது உயரத்தில் இருக்கும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. ஆக ராத்திரி எல்லோரும் டெப்பை மூடிவிட்டுத் தூங்கும்போது அந்த ஹோஸில் ஐந்து பார் நிற்கிறது. பழைய பேசினில் இருந்தது கெட்டிப் பைப்பும் இரும்பு போன்ற ஒரு பழைய டெப்பும், தாங்கின. புதிதாக வந்த மலிவு ஹோஸ் தாங்கவில்லை. வால்வைப் பாதி மூடிவைத்திருந்தேனே என்று பாஸிடம் சொன்னேன். பாதி மூடினால் தண்ணீர் வரும் வேகம்தான் குறையும், டெப் மூடியிருக்கும்போது அழுத்தம் குறையாது என்று அவர் விளக்கினார். இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான்.

சரி, இரண்டாவது வெனிட்டிக்கு வருகிறேன்.

இந்தமுறை கொழும்புக்குப் போகவில்லை. டிக்கோயாவில் அலுமினியம் ஜன்னல் செய்யும் பையன் ஒருவர் பி.வி.சி. பலகையில் பெட்டி செய்து தந்தார், 31,000. அளவைக் குறைத்து இரண்டு அடியாக்கினோம். முதல் செட்டில் வந்த பேசினும் கண்ணாடியும் நன்றாகவே இருந்ததால் அவற்றையே வைத்துக்கொண்டோம். பேசினைத் தாங்க, கல்லறை செய்கிறவரிடம் மிஞ்சிய கிரனைட் துண்டு ஒன்று, வெட்டிப் பளபளப்பாக்கி 9,000. (மனைவிக்கு அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்.) நாகம் (சிங்க்) பூசிய இரும்புத் தாங்கி 2,800. போத்தல் மாதிரி இருக்கும் ட்ரெப் (கழிவுக் குழாய் நாற்றத்தை மறிப்பது), இரண்டு வால்வ், நல்ல ஹோஸ், பைப்புக்குப் போர்த்தும் ஸ்பொன்ஜ் உறை எல்லாம் 7,400. கூலி மூன்று நாள்; இரண்டு வருடத்துக்கு முந்தி 3,500 வாங்கிய அதே பாஸ் இப்போது நாளுக்கு 5,000, மொத்தம் 15,000. அவரைக் குறை சொல்ல முடியாது. 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் 2022 மே மாதம் 360ஐத் தொட்ட பிறகு எதுதான் பழைய விலையில் இருந்தது? ஆக 65,200. இதற்கு மேல், கூரையில் 500 லீற்றர் தொட்டியும் அதற்கு ஸ்டாண்டும் மிதவை வால்வும் 27,000. ஊற்றுத் தண்ணீர் முதலில் அந்தத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து சாதுவாக இறங்குகிறது. ஐந்து பார் எல்லாம் இப்போது கூரைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது.

பெட்டி தரையில் நிற்கவில்லை, ஒன்பது அங்குலம் மேலே தொங்குகிறது. பின்பலகையே கிடையாது, சுவர்தான் பின்புறம். அடிப்பலகையில் பின்விளிம்பு நெடுக இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம். வேர்த்தாலும் நேரே தரைக்குச் சொட்டும், கூட்டினால் போய்விடும். இந்த மூன்று யோசனையும் பாஸுடையது.

இரண்டு வருடம் கழித்துச் சொல்கிறேன். பி.வி.சி. பலகை ஒரு மில்லிமீற்றர்கூட உப்பவில்லை. பூஞ்சணம் பிடிக்கிறது, ஆனால் துணியால் துடைத்தால் போகிறது. பேசினைச் சுற்றிய சிலிக்கனில்தான் கறுப்பு ஏறிவிடும். பூஞ்சணம் பிடிக்காத வகை என்று எழுதியதைப் போட்டும் ஒன்றரை வருடத்தில் கிழித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டி வந்தது. நாற்றம் போனது முழுமையாகப் போனது. அதற்குக் காரணம் வெனிட்டி அல்ல, ட்ரெப். பழைய பேசினில் வெறும் நெளியும் பைப்பை நேராகக் கழிவில் செருகியிருந்தார்கள். வளைவில் தண்ணீர் நின்று காற்றை மறிக்கிற ஏற்பாடே இல்லை. ஏழு வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்ததற்கு மருந்து 1,800 ரூபாவுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிக்ஸர் டெப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மனமில்லை. பலத்த மழைக்கு மறுநாள் ஊற்றுத் தண்ணீரில் மண் வரும். டெப்பின் நுனியில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிக் கழுவலாம். உள்ளே இருக்கும் பீங்கான் தட்டில் மணல் கீறினால் கழுவ முடியாது, சொட்டத் தொடங்கிவிடும். இரண்டு தடவை உள்பாகம் மாற்றிவிட்டு, போன வருடம் சாதாரணத் திருகு டெப்புக்கே திரும்பினேன். வொஷர் ஐம்பது ரூபா, நானே மாற்றுவேன்.

சாமான் வைக்கும் இடம் பற்றி எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. ஈரப்பதத்தில் டிஷ்யூ ரோல் நமுத்துப்போகிறது. மருந்து வைக்கக்கூடாத இடம் அது. கடைசியில் உள்ளே இருப்பது பாதி தீர்ந்த ஷெம்பு பெக்கட், ஹார்பிக் போத்தல், யாரும் தொடாத ஒரு முடி உலர்த்தி. ஒருநாள் இரத்தம் குடிக்கும் அட்டை ஒன்றும் இருந்தது. தினமும் கைபடும் சாமானெல்லாம் இன்றும் ஜன்னல் விளிம்பில்தான்.

உயரத்தைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. முதல் பெட்டி தரையிலிருந்து 34 அங்குலம். எனக்கும் மகனுக்கும் நல்ல உயரம். அம்மா நாலடி பத்து. முகம் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடுகிறது. இரண்டாவதைத் தொங்கவிடும்போது 31 அங்குலத்துக்கு இறக்கினோம். சுவரில் தொங்கவிடுவதில் உள்ள பெரிய இலாபம் என்று நான் சொல்வது இதைத்தான், உயரத்தை வீட்டு ஆட்களைப் பார்த்து வைக்கலாம். ஆனால் அம்மா அதற்குள் பின்வாசல் டெப்புக்குப் பழகிவிட்டார். பனி கொட்டும் ஜனவரியிலும் அங்கேதான்.

கேள்விக்கு வருவோம். காசுக்குத் தகுமா? விற்கும்போது விலை கூடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் வீடு திருத்தப் போட்ட காசில் எவ்வளவு விற்பனையில் திரும்புகிறது என்று வருடா வருடம் கணக்குப் போடுகிறார்கள். அங்கேயே பாத்ரூமுக்குப் போட்டது முழுதாகத் திரும்புவதில்லை என்றுதான் பெரும்பாலும் வருகிறது. இங்கே வீடு பார்க்க வருகிறவர் கேட்பது மூன்று கேள்வி: லொறி வருமா, தண்ணீர் வருடம் முழுக்க இருக்கா, காணி உறுதி (பத்திரம்) யார் பேரில்? தோட்டத்தில் வீட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கிய 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீடென்றால் உறுதி கைக்கு வந்ததா என்ற கேள்வியோடேயே பேச்சு நின்றுவிடும். வெனிட்டியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இருக்கிற பேசின் வெடிக்கவில்லை, ஆடவில்லை என்றால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். நல்ல ட்ரெப் ஒன்று, வால்வ் இரண்டு, ஒரு பெரிய கண்ணாடி, அதன் கீழே ஒரு கண்ணாடித் தட்டு. நான் இரண்டாவது பெட்டி செய்த காலத்து விலையில் 15,000க்குள் எல்லாம் முடிந்திருக்கும். வெனிட்டியில் எனக்குப் பிடித்த முக்கால்வாசி விஷயம் அதிலேயே கிடைத்திருக்கும். டைல்ஸ் உடைத்து பைப் மாற்றுகிற வேலை எப்படியும் இருக்கிறது, அல்லது பேசினே போய்விட்டது என்றால் மட்டும் சேர்த்துச் செய்யுங்கள். செய்தால் தொங்கவிட்டுச் செய்யுங்கள், பி.வி.சி.யில் செய்யுங்கள், அல்லது பக்கத்து வீட்டு மாமா மாதிரி பலா மரச் சட்டத்தில் திறந்த தட்டாக அடியுங்கள். அவருடையது ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை வார்னிஷ் அடிக்கிறார். ஒன்று மட்டும்: 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதற்குப் பிறகு என் கணக்கை வைத்து யாரும் வரவுசெலவு போட வேண்டாம்.

பி.வி.சி.யிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. பலகையின் நடுப்பகுதி நுரை மாதிரி. ஆணி இறுகப் பிடிப்பதில்லை. மகன் கதவைப் படாரென்று திறக்கிறவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீல் பிடுங்கிக்கொண்டு வரும். நீள ஆணி போட்டுப் பார்த்தேன், பசை ஊற்றிப் பார்த்தேன். போன தீபாவளிக்கு முந்தி இடது கதவு கையோடு வந்துவிட்டது. பாஸ் கதிர்காமம் போயிருந்தார். விருந்தாளிகள் வரும் வாரம். அம்மா பேசாமல் தையல் மெஷினை எடுத்து, பழைய பச்சைச் சேலையில் ஒரு திரை தைத்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்து இரண்டு பக்கத்துக்கும் மாட்டிவிட்டார். காற்று நன்றாகப் போகிறது, உள்ளே பூஞ்சணம் குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு வந்த வத்தளை மச்சினி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவருடைய வெனிட்டிக்கும் அப்படி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று இப்போது அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.